வரிசையில் கடைசி ஆள்

"நீங்க முன்னாடி வைங்கக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சரளா தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர, அந்த இடத்தில் ஜோசஃபின் தன் குடத்தைத் தொப்பென்று வைத்தாள். நீலசந்திராவில் அந்த நாலு தெருவுக்கும் சேர்த்து ஒரே குழாய், அந்த நல்லிதான். அதிலும் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம்தான். முறையை விட்டுக்கொடுப்பது என்பது அங்கே கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே நடக்காத காரியம்.

ஜோசஃபினுக்கு உயிர் போகிற அவசரம். காப்பிக்கொட்டை பொறுக்கும் கம்பெனியில் அவள் இன்னும் தினக்கூலிதான். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தே, அப்படியே கேட்டுக்கு வெளியவே நின்னுக்க" என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் அந்தக் கூலியை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

"நீ நல்லா இருக்கணும் சரளா. ஆனா உனக்கும் ஆபீஸ் இருக்குதே?"

"எனக்குப் பத்து மணிக்குத்தான்கா. நீங்க புடிங்க."

குடம் நிறைகிற நேரத்தில் ஜோசஃபின் திரும்பிப் பார்த்தாள். சரளா வரிசையின் கடைசிக்கே போய்விட்டிருந்தாள். கையில் ஒரு புத்தகம். அதற்குப் பழைய காலண்டர் லட்சுமி படத்தில் அட்டை. கண்ணை மூடுவதும், உதட்டுக்குள் முணுமுணுப்பதும், மறுபடி திறந்து பார்ப்பதுமாக இருந்தாள். சர்ச்சில் பூசை வைக்கிற சாமியார்கூட இவ்வளவு உருக்கமாக ஜெபம் பண்ணி ஜோசஃபின் பார்த்ததில்லை.

நல்லியில் மட்டும் என்றில்லை. ரேஷன் கடையிலும் அப்படித்தான், சீமெண்ணெய் வண்டியிலும் அப்படித்தான். கைக்குழந்தைக்காரிக்கு விட்டுக்கொடுத்தாள், தடி ஊன்றி வரும் கிழவருக்கு விட்டுக்கொடுத்தாள். ஊர்வம்பு பேசுவதற்கென்றே க்யூவுக்கு வருகிறவர்களுக்குக்கூட விட்டுக்கொடுத்தாள்.

இத்தனைக்கும் அவள் வீடு ஒரே அறை. கன்டோன்மென்ட் ஆபீசில் நாளெல்லாம் டெலிபோன் எடுத்துக் களைத்து வந்தால் பிள்ளைகள் இரண்டும் காலைக் கட்டிக்கொள்ளும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமனார் வெந்நீர் கேட்பார். புருஷன் அசோகனோ, கண்ணுக்கு எதிரே தொங்குகிற சட்டையைக்கூட "சரளா, எங்கே?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பான். அந்த வீட்டிலிருந்து வருகிறவளுக்கு இவ்வளவு பொறுமையா என்று ஜோசஃபினுக்கு மாளாத ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. ரேஷன் கடையில் ஈ காக்கை இல்லை. ஜோசஃபின் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தபோது பையும் புத்தகமுமாகச் சரளா வந்து சேர்ந்தாள்.

"வாம்மா, இன்னிக்கு ஜனமே இல்ல. உடனே வாங்கினு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் கடைக்காரர் கோவிந்தப்பா.

சரளாவின் முகம் சட்டென்று வாடிப் போயிற்று. "அப்புறமா வரேங்க" என்று குடையை விரித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். விட்டுக்கொடுக்க ஒரு ஆள்கூட இல்லையே என்றுதான் வருத்தப்படுகிறாள் என்று ஜோசஃபினுக்குத் தோன்றியது. இப்படியும் ஒரு மனசா என்று நெகிழ்ந்து போனாள்.

அந்த மாசக் கடைசியில் ஜோசஃபினுக்கு வேலை நிரந்தரமாயிற்று. "இப்பல்லாம் சங்கு ஊதறதுக்கு முன்னாடியே நிக்கறியே" என்று மேஸ்திரியே மெச்சினான். யாரால் வந்த பெருமை அது என்று அவளுக்குத் தெரியாதா? சந்தோஷத்தைவிட, அந்தப் பெண்ணுக்குப் பதிலுக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லையே என்பதுதான் அவளை உறுத்தியது.

மறுநாளே நல்லியடியில், தன்னைப் போலவே சரளாவிடம் முறை வாங்கிப் பழகிய ஃபாத்திமாவையும் அல்போன்சாவையும் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வேலை ஆவணும்னு அது கால் கடுக்க நிக்குது. நாம மனுசங்களா, இல்லியா?"

"நிஜந்தான். தண்ணி என் பொறுப்பு" என்றாள் ஃபாத்திமா.

"சீமெண்ணெய் நான் வாங்கியாந்துடறேன்" என்றாள் அல்போன்சா. ரேஷன் ஜோசஃபினுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை சரளா வழக்கம்போலக் குடத்தை இடுப்பில் இடுக்கி, புத்தகத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் நிறைகுடங்கள். அவற்றுக்குப் பின்னால் மூன்று பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"குடத்தைக் கீழ வை. இனிமே நீ எந்தக் க்யூவிலயும் நிக்கக் கூடாது" என்றாள் ஜோசஃபின். "தண்ணி, ரேஷன், எண்ணெய் எல்லாம் உன் வீடு தேடி வரும். பேசி முடிச்சாச்சு!"

"சபாஷ்!" என்று உள்ளேயிருந்து அசோகனின் குரல் வந்தது. "இனிமே சரளா வீட்டோடவே இருப்பா. சரளா, என் சட்டை எங்கே?"

பிள்ளைகள் ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன. மாமனார் வெந்நீர் கேட்டார்.

சரளா குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் மளமளவென்று நீர் இறங்கியது. ஜோசஃபின் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"அட பைத்தியமே! இதுக்குப் போயி அழுவாங்களா? நீ செஞ்சதுக்கு இதெல்லாம் ஒரு பெரிசா?"

சரளா பிள்ளைகளின் பிடியை விலக்கிக்கொண்டு, ஜோசஃபினைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள். வீட்டுக்குள் கேட்காத குரலில் சொன்னாள்:

"அடுத்த வாரம் எனக்குப் பி.யு.சி. பரீட்சைக்கா. இனிமே நான் எங்க நின்னு படிப்பேன்?"