மாயக்காவின் பலாச்சுளை

மிருகக்காட்சி சாலையில் மாயக்கா என்றொரு கிழட்டுப் பெண் கரடி இருந்தாள். உடம்பு பெருத்துப்போய், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். சாப்பிட்டதும் கண் சொக்கும்.

ஒரு குரங்கு தினமும் அவளுடைய பலாச்சுளையைப் பறித்துக்கொண்டு பாறையைச் சுற்றி ஓடும். மாயக்கா திட்டிக்கொண்டே துரத்துவாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. எடை என்னவோ அப்படியேதான் இருந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை, சாப்பிட்டபின் கண் சொக்கவும் இல்லை.

திடீரென்று சில நாள் குரங்கைக் காணோம். பழைய சொக்கல் திரும்பியது. அப்போதுதான் மாயக்காவுக்கு விஷயம் புரிந்தது.

ஒருநாள் குரங்கு தயங்கித் தயங்கி வந்தது. "மன்னிச்சிடுக்கா. இனிமே திருட மாட்டேன்."

மாயக்கா அவசரமாகப் பெரிய சுளையாகப் பார்த்து அதன் பக்கம் தள்ளினாள்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி. இதை எடுத்துக்கிட்டு ஓடு. நான் பின்னாலயே திட்டிக்கிட்டு வருவேன், மனசுல வெச்சுக்காதே."