புது பேட்டரி

இறந்துபோன கணவர் தினமும் சாயங்காலம் டேப்லெட்டில் வீடியோ காலில் வந்தார். வைஃபை விட்டு விட்டு வந்ததால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, சார்ஜும் ஏறவில்லை. ஒரு தடவையாவது அந்த முகத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று மனைவி அதைக் கடைக்குக் கொண்டுபோனாள்.

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான். “பேட்டரி செத்து வருஷமாச்சு. வைஃபை ஆன்டெனா ஒயரும் அறுந்து கிடக்கு. இதுலயாக்கா பேசினீங்க?”

“கதை கேக்காம சரி பண்ணுப்பா.”

புது பேட்டரி போட்டு வாங்கிவந்தவள், சாயங்காலம் மகளைப் பால் வாங்க அனுப்பினாள். “அப்பா வந்தா, நான் வர்ற வரைக்கும் கட் பண்ணிடாதம்மா” என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள்.

கால் வந்தது. கணவரின் முகம் துடைத்துவைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. அவர் பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் பாக்கெட் இருந்தது.