இரண்டு ஆள் பீரங்கி

பீரங்கி தேறாது என்று பல்லி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

ஆயுதம் தேர்ந்தெடுக்கும் திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. சுத்தியல் பீரங்கியை விடுவதாக இல்லை.

நாங்கள் மூன்று பேர். இணையத்தில் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள். விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயரைத் தவிர ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் பல்லி, அவன் சுத்தியல், நான் தொப்பை. பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறேன். ராத்திரிகளிலும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களிலும் மாட்டளவு பூச்சிகளைச் சுடுகிறேன்.

ஆயுத விஷயத்தில் பல்லி சொன்னால் சொன்னதுதான். புதிதாக ஒரு துப்பாக்கி வந்தால் தனியாகப் பயிற்சித் திடலுக்குப் போய்விடுவாள். பூச்சியின் ஓடு எந்த இடத்தில் உடைகிறது, சுடும்போது குறி எவ்வளவு விலகுகிறது, குண்டு மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். துப்பாக்கி, கவசம், முதுகுப்பை மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் சேர்ப்பதுதான் பில்டு. என் பில்டு அவள் போட்டுக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் நான் ஓரளவு உயிரோடு இருக்கிறேன்.

என்னிடம் அத்தனை பொறுமையாகப் பேசுகிறவள், சுத்தியல் எதைத் தொட்டாலும் குறை சொன்னாள். அதையும் அவனிடம் நேரே சொல்ல மாட்டாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க தொப்பை. ஒவ்வொரு தடவை குண்டு மாத்தவும் முட்டி போட்டு உக்காரணும். எந்திரிக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிரும்."

மூவருக்கும் ஒரே பேச்சு இணைப்பு. ஒருவர் தும்மினாலும் மற்ற இருவருக்கும் கேட்கும். இருந்தாலும் நான் அவள் சொன்னதை அப்படியே இன்னொரு முறை சொன்னேன்.

இன்னொருத்தர் குண்டுப் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்று போட்டால் உட்காரவே வேண்டியதில்லை, அது அவங்களுக்கும் தெரியும் என்று சொல்லச் சொன்னான் சுத்தியல். அதையும் சொன்னேன். வாரக்கணக்காக இந்தத் தபால்காரன் வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாதவர்களுக்குள் உள்ள கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

அவன் சொன்னது உண்மை. தனி ஆளுக்கு அது வெறும் இரும்பு. இரண்டு ஆள் சேர்ந்தால் அதை மிஞ்ச ஆயுதமே இல்லை.

பல்லி இலகுரகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

இறங்கினோம்.

அந்த வாரம் முழுக்க எங்களைத் தோற்கடித்த களம் அது. விளையாட்டை நடத்துகிறவர்கள் அன்று மாலையோடு அதை மூடிவிடுவார்கள். மீட்புக் கப்பல் வரும்வரை ஒரு பொட்டல்வெளியைக் காக்க வேண்டும். ஒருவராவது கப்பலேறினால் வெற்றி.

முதலில் வந்தவை சின்னப் பூச்சிகள். பல்லி பாறைமேல் நின்று ஒவ்வொன்றாக வீழ்த்தினாள்.

பிறகு ஓடு போட்டவை வந்தன. அவள் குண்டுகள் பட்டுத் தெறித்தன. என்னுடையவையும்தான்.

சுத்தியல் சுட்டான். ஒன்று விழுந்தது. முட்டி போட்டான், குண்டு போட்டான், எழுந்தான். அதற்குள் இரண்டு நெருங்கிவிட்டன. மறுபடி சுட்டான். மறுபடி உட்கார்ந்தபோது ஒன்று அவன் தோளைக் கவ்வியது. நான் வெடிகுண்டை வீசி அதை விலக்கினேன். அவன் உயிரைக் காட்டும் கோடு சிவப்பாகிவிட்டது.

இன்னொரு முறை உட்கார்ந்தால் எழ மாட்டான். எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

பல்லி பாறையிலிருந்து குதித்தாள். தன் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அவன் முதுகிலிருந்த குண்டுப் பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"உக்காராதீங்க. நான் போடுறேன்."

பழக்கதோஷத்தில் அதைச் சுத்தியலிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவனிடமே சொல்லியிருக்கிறாள்.

பீரங்கி ஓயாமல் முழங்கியது. அவன் சுட்டான், அவள் போட்டாள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. இருவரும் ஒட்டியபடியே பின்வாங்கிக் கப்பலை நோக்கி வந்தார்கள். என் கால் அடிபட்டிருந்தது. நொண்டிக்கொண்டே போய் முதலில் ஏறிவிட்டேன்.

அப்போது கப்பலுக்கும் அவர்களுக்கும் நடுவே தரை பிளந்து, ஓடு போட்டவை இன்னும் கிளம்பி வந்தன.

"நீ ஏறு. போ, நான் பாத்துக்கறேன்," என்றான் சுத்தியல்.

நீ.

அதுவரை அவன் வாயில் அவள் 'அவங்க'தான். முன்பின் தெரியாதவளை இப்படியா பேசுவது, வெடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வெடிக்கவில்லை. ஏறவும் இல்லை. அடுத்த குண்டை எடுத்துப் போட்டாள்.

கதவு மூடிக் கப்பல் கிளம்பிவிட்டது. சன்னல் வழியே பார்த்தேன். கீழே இருவரும் ஒரே திசையில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பூச்சிகள் மூடிவிட்டன.

திரையில் வெற்றி என்று எழுத்து வந்தது.

வாரம் முழுக்க இதற்காகத்தான் மல்லுக்கட்டினோம். யாரும் சந்தோஷப்படவில்லை.

சுத்தியலின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவன் மைக் எதையோ பிடித்திருக்கிறது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம். வெறுங்கால் நடை ஒன்று தள்ளிப் போய்த் தேய்ந்தது. புள்ளி அணைந்தது.

தண்ணீர் குடிக்கப் போகிறான் போல என்று நினைத்தேன்.

பல்லியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அதே வெறுங்கால் நடை அங்கே நெருங்கி வந்து நின்றது. யாரோ விரலால் மெல்லக் கதவைத் தட்டினார்கள்.

இணைப்பைத் துண்டிக்க அவசரமாகக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் குரல் கேட்டுவிட்டது.

"பூட்டல," என்றாள். "நான் ஒருநாளும் பூட்டல."