தனியாக எடுத்துவைத்த வசவு

ஜவுளிக்கடை லிஃப்டுக்கு ஒரே ஒரு பயம், ஆட்களோடு நடுவழியில் நின்றுவிடுவோமோ என்று. கரண்ட் போனால் பேட்டரி அரை நிமிஷம்தான் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் எழ வேண்டும். அவை இரண்டுமோ எலியும் பூனையும். "டேய் தூங்குமூஞ்சி" என்று பேட்டரி நாள் முழுக்கத் திட்டித் திட்டி, கரண்ட் போனதும் எழுப்பக் கத்தினாலும் ஜெனரேட்டருக்கு அது உறைப்பதே இல்லை.

"நல்லா சண்டை போடுங்கப்பா," என்றது லிஃப்ட். "தூங்குமூஞ்சிங்கிற வசவை மட்டும் தனியா எடுத்துவச்சு, கரண்ட் போறப்ப மாத்திரம் சொல்லுங்க. அதைக் கேட்டதும் எழுந்திருக்க, தினம் காலையில ஒருதரம் பழகிப் பாத்துருவோம்."

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறியபோது கரண்ட் போனது.

"டேய் தூங்குமூஞ்சி!"

ஜெனரேட்டர் உறுமி எழுந்தது.

"ரெண்டு நொடி லேட்டு, சோம்பேறி."

"போடா ஓட்டை டப்பா."

மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்தது. குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே சண்டை களைகட்டியிருந்தது.