கடைசி ஆள்

அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"தா... தா... தாத்தா, ஒ... ஒரு வ... வ..."

ஓங்கிய அரிவாள் அப்படியே நின்றுவிட்டது எனக்கு.

பட்டப்பகல். பஸ் ஸ்டாப். சுற்றிலும் அத்தனை ஜனம். ஒரு பெண்பிள்ளை, தோளில் காலேஜ் பையோடு, துளி வெட்கம் இல்லாமல் திக்குகிறாள்.

"வழுக்கைன்னு சொல்லும்மா. பஸ்ஸு பூடப் போவுது" என்றான் லூர்து. ஆட்டோக்காரன். சவாரி இல்லாத நேரமெல்லாம் என் இளநீர் வண்டியில்தான் சாய்ந்து கிடப்பான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்து, அந்தச் சொல்லைத் தானே முடித்தாள்.

"வ... வழுக்கையா."

எனக்கு வியர்த்துவிட்டது.

நான் இளநீர் விற்க வந்ததே இதில் வாய்க்கு வேலை இல்லை என்றுதான். விலை அட்டையில் தொங்குகிறது. தண்ணீரா வழுக்கையா என்று கேட்க வேண்டியதில்லை. கைக்கொரு காயாகத் தூக்கிக் காட்டினால் போதும். திமிர் பிடித்த கிழவன் என்பார்கள். சொல்லட்டும். திக்குவாயன் என்பதற்கு அது தேவலை.

என் வாயில் ஒரு சொல் மாட்டினால் பக்கத்தில் நிற்கிறவன் பிடுங்கி முடித்துவிடுவான். கட்டினவளும் அப்படித்தான். பெற்ற மகனும் அப்படித்தான். அதனால் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

சீவிக் கொடுத்தேன். இரண்டு வாய் உறிஞ்சினாள்.

"உ... உங்க பே... பேரு என்ன தாத்தா?"

மணி என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு வந்த அன்று காய் இறக்குகிற இடத்தில் ஒருவன் பேர் கேட்டான். என் பேர் வரவில்லை. மணி வந்தது. அன்று முதல் மணி. லூர்துக்கு மணி, போலீசுக்கு மணி, எல்லாருக்கும் மணி.

"கொ..." என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது அது?

அடைத்துக்கொண்டது. தாடை ஆடியது. கண் தானாக மூடியது.

"இன்னாண்ணே, கொக்கா?" லூர்து சிரித்தான். "கொழுக்கட்டையா?"

அவள் சிரிக்கவில்லை.

எடுத்துக் கொடுக்கவும் இல்லை. தலையை ஆட்டி அவசரப்படுத்தவில்லை. ஸ்ட்ராவை விட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் வந்து, போனது. அப்போதும் நின்றாள்.

சொல் மாட்டிய என் வாயை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"கொ... கொ... கொளஞ்சி."

எங்கள் ஊர்ப் பக்கத்து சாமி பேர். அப்பன் வைத்த பேர்.

லூர்து சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ரோட்டு இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சொல்லுங்க மேடம். முடிச்சிட்டேன் மேடம். நீங்க சொன்ன மாதிரியே எல்லார்கிட்டயும் திக்கியேதான் பேசினேன். யாருக்கும் சந்தேகம் வரல. பேஷண்டுக்கு எப்படி இருக்கும்னு இப்பதான் மேடம் புரியுது. கடைசியா ஒரு இளநீர் தாத்தா. மேடம், அவரு நெஜமாவே திக்குறாரு மேடம்! வார்த்தை மாட்டி ப்ளாக் ஆனா கண்ண மூடுறாரு, கிளாஸ்ல காட்டினீங்களே, அப்படியே!"

ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கடகடவென்று கொட்டியது.

கையிலிருந்த காய் இரண்டாகிக் கிடந்தது. எப்போது வெட்டினேன் என்று தெரியவில்லை. தண்ணீரெல்லாம் காலில்.

"நடிப்பாம்ணே" என்றான் லூர்து. "திக்குறவங்களுக்கு வைத்தியம் பாக்குற படிப்பு போல."

என்னை உற்றுப் பார்த்தான்.

"இன்னாண்ணே, நீயும் நடிப்பா?"

அவள் திரும்பினாள்.

நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனை அணைக்கக்கூட இல்லை. உள்ளே அந்த மேடம் பேசிக்கொண்டே இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை.

கிட்டே வந்தாள்.

"தாத்தா... ம..."

நின்றுவிட்டது.

"ம... ம..."

உதடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கண் மூடிக்கொண்டது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். லூர்துக்கும் தெரியும். எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். அரிவாள் பிடித்த கையை அவன் பக்கம் நீட்டினேன். மூடிக்கொண்டான்.

இதுவும் படிப்புதானா? யார் கண்டது. ஒரு தடவை நம்பியதே போதும்.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

அரிவாளைக் காய்க் குவியல் மேல் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.