கொம்புக்குப் பதில்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மண்டபத்தில் அன்று அமெரிக்க வாத்தியக் குழுவின் கச்சேரி. மருமகன் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள் மயில்சாமியும் சென்னியம்மாளும். ரயில் பாட்டுக்கும் குதிரைப் பாட்டுக்கும் ஜனங்கள் விசிலடித்தார்கள்.

கடைசிப் பாட்டை, குழுவோடு மேடையில் நின்ற உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் தமிழில் விளக்கினார். "ஆளில்லாத புல்வெளி. வழி தவறினவனைத் தூரத்திலிருந்து கொம்பூதிக் கூப்பிடுவார்கள்."

பிடில்கள் மெல்ல இழைந்தன. எங்கிருந்தோ கொம்பு ஒரு தடவை ஊதியது.

"வாரேனுங்க!" என்றார் கண்ணயர்ந்திருந்த மயில்சாமி. மண்டபமே சிரித்தது. சென்னியம்மாள் மட்டும் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏனுங்க, பொழுது சாஞ்சு ஒரு தடவை கூப்பிட்டதுக்கே பதில் சொல்லலாமுங்களா? மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுசன். ஒண்ணோட நிறுத்தினா அது பேயில்லீங்களா?"

"அட போ புள்ள! சம்பளம் வாங்கிட்டு ஊதறவன். இன்னம் ஊதுவான், பாரு."

அவள் காத்திருந்தாள். பாட்டே முடிந்துவிட்டது. மேடைக்கு ஓடினாள்.

"சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் கொம்புக்காரரை இன்னும் ரெண்டு தடவை ஊதச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரர் பதில் சொல்லிப்போட்டாருங்க."

பேராசிரியர் விழித்தார். "கொம்பாம்மா? அவருக்குக் காய்ச்சல், ஓட்டலை விட்டே வரலை. இன்னிக்குக் கொம்பே இல்லாமத்தான் வாசிச்சாங்க. உங்க வீட்டுக்காரர் திடீர்னு கத்தினதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சோம்."

அவள் திரும்பினாள். மயில்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருண்ட பக்கவாசலில் நின்று, யாரிடமோ பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏனுங்க, ஊட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு வரலாமுங்களா? அவளுக்கும் கேட்டுச்சுங்க."