ரஷ்யாவுக்கு எண்பத்தைந்து

“இண்டைக்கு ரஷ்யாவுக்கு எத்தினை புள்ளி, சேர்?”

தேநீரை ஆற்றிக்கொண்டே சந்தியோகு கேட்டார். விடத்தல்தீவுச் சந்தியில் இருக்கும் அவருடைய கடையில், பின்னேரம் நாலு மணிக்குத் தவறாமல் எழும் கேள்வி இது.

வஸீர் சேர் முப்பது வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நாடுகளைப் பரீட்சைத் தாள் மாதிரித் திருத்துவார். நிலம், சனத்தொகை, கனிவளம், படை, பணம் என்று ஐந்து பாடம். ஒவ்வொன்றுக்கும் இருபது புள்ளி. புள்ளி போடுவதில் மகா கஞ்சன். அவரிடம் ரஷ்யா இதுவரை ஐம்பதைத் தாண்டவில்லை.

சந்தியோகுவுக்கு இது வெறும் உலக அரசியல் இல்லை. ஒரே மகன் டிலக்‌ஷனைச் சமையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அங்கே அனுப்பினான். அங்கே போய் இறங்கிய கிழமையே பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுத்துப் போர்முனைக்கு ஏற்றிவிட்டார்கள். பத்தொன்பது நாளாக அவனிடமிருந்து அழைப்பு இல்லை. நாடு பலமாக இருந்தால் பிள்ளை தப்பிவிடுவான் என்று தகப்பன் நம்பினார். பாவம், வேறு எதைத்தான் பிடித்துக்கொள்வது?

“இஞ்சேருங்கோ, முதல்ல சாப்பிடுங்கோ. காலமையும் வெறுந்தேத்தண்ணிதானே,” என்று மனைவி லூர்தம்மா புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

“அவன்ர குரல் கேட்காமல் எனக்கு இறங்குதில்லையப்பா. நீங்கள் சொல்லுங்கோ சேர்.”

வஸீர் சேர் கதிரையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“நிலம் இருபது.”

“அது தெரிஞ்சதுதானே. சனத்தொகை?”

“பதினைஞ்சு.”

சந்தியோகு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “முந்தநாள் ஏழுதானே போட்டனீங்கள்? கிழடுகள் கூடிப்போச்சு, பிள்ளைப்பேறு குறைஞ்சுபோச்சு எண்டெல்லாம் சொன்னனீங்கள்!”

“பிழையாத் திருத்திப்போட்டன் சந்தியோகு. எவ்வளவு பெரிய சனம் அது.”

“சாப்பிட்டுக்கொண்டு கேளுங்கோவன்,” என்றாள் லூர்தம்மா.

சந்தியோகு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். “படை?”

“பதினெட்டு.”

“எல்லாம் பழைய இரும்பு எண்டீங்களே?”

“பழசெண்டாலும் இரும்பு இரும்புதானே.”

சந்தியோகு வாய்விட்டுச் சிரித்தார்.

“கனிவளத்துக்கு முழுசா இருபது. பணத்துக்குப் பன்னிரண்டு போடுவம்.”

“எண்பத்தைஞ்சு! கேட்டனியே லூர்து? இனி உவங்களை ஆர் அசைக்கிறது? பிள்ளை வந்திடுவான், பாத்துக்கொண்டிரு!”

“ஓம், ஓம். இன்னும் கொஞ்சம் வைக்கிறன், சாப்பிடுங்கோ.”

அவள் வைக்க வைக்க அவர் சாப்பிட்டார். தட்டை வழித்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

வஸீர் சேரின் கோப்பை தொடாமலே ஆறிப்போயிருந்தது.

லூர்தம்மா அடுப்புக்குத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

“விடியப் பூசையிலயே பாதர் என்னட்டச் சொல்லிப்போட்டார், சேர். அந்தாளுக்குப் பக்குவமாச் சொல்ல உங்களை அனுப்புறனெண்டும் சொன்னவர்,” என்றாள் மெதுவாக. “பிள்ளை போயிட்டானெண்டு தெரிஞ்சால் மனுசன் இனி எத்தினை நாளைக்கு வாயில தண்ணியும் வைக்காதோ தெரியாது. அதுதான் வயிறு நிறையட்டுமெண்டு பேசாமல் நிண்டனான்... இப்ப சொல்லுங்கோ.”